பழைய ரேஸ் சைக்கிள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வெளிநாட்டில் முதுகலை முதல் வருடம் படிக்கிறேன். விடுதியிலிருந்து பல்கலைக்கழகம் ஆறு கிலோமீட்டர், பேருந்தில் போய்வருகிறேன். போன வாரம் பழைய சாமான்கள் விற்கும் ஒருவரிடம் ஒரு ரேஸ் சைக்கிளைப் பார்த்தேன். கருநீல நிறம். வளைந்த ஹேண்டில்பார். கியர் மாற்றும் இரண்டு சின்ன நெம்புகோல்களும், ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாயில் இருக்கின்றன. சீட்டுக்குக் கீழே 'ரெனால்ட்ஸ் 531' என்று ஒரு ஸ்டிக்கர். எழுபதுகளில் செய்தது, ஃபிரேம் அளவு 56 என்றார். என் உயரம் 160 சென்டிமீட்டர். "சீட்டை இறக்கிக்கொள்ளலாம். தண்டு கொஞ்சம் இறுகியிருக்கிறது, எண்ணெய் விட்டால் வந்துவிடும்" என்கிறார். டயர் ரிம்மின்மேல் பசைபோட்டு ஒட்டிய வகை.

பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை. இது வெறும் மோகம், மட்கார்டும் கேரியரும் உள்ள புதுச் சைக்கிளை வாங்கு என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். நீங்கள் வெளிநாட்டில் படித்த காலத்தில் பழைய ரேஸ் சைக்கிள் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாங்கலாமா? படிப்பு முடிந்து திரும்பும்போது அதை என்ன செய்வது?

கயல்விழி

*

அன்புள்ள கயல்விழி,

நீங்கள் பார்த்த சைக்கிளை வாங்காதீர்கள். ஆனால் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். மோகம் என்று நண்பர்கள் சொன்னால் சொல்லட்டும். ஒரு பொருளின்மேல் ஆசை உள்ளவர்தான் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மழையில் போட்டுவிடாமல் வைத்துக்கொள்வார். பழைய சைக்கிளுக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

நீங்கள் பார்த்ததை ஏன் வேண்டாம் என்கிறேன்? 56 என்பது பெடல் அச்சின் மையத்திலிருந்து மேல்பார் வரையிலான சீட் குழாயின் நீளம், சென்டிமீட்டரில். பெடல் அச்சே தரையிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். குழாயின் சாய்வைக் கழித்துப் பார்த்தாலும் மேல்பார் 80 சென்டிமீட்டருக்கு மேலே நிற்கும். உங்கள் உயரம் உள்ளவர்களுக்குக் காலின் உள்ளளவு பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும். சிக்னலில் சட்டென்று நிறுத்திக் காலை ஊன்றினால் பார் எங்கே இடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் அளவை நீங்களே எடுத்துப் பாருங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே அழுந்த வைத்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அந்தக் குறிவரை உள்ள அளவை 0.67-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு கிடைக்கும். பிரெஞ்சு பந்தய அணிகளை நடத்திய சிரில் கிமார் பயன்படுத்திய கணக்கு இது; அவரிடம் ஓட்டிய அமெரிக்க வீரர் கிரெக் லெமான்ட் வழியாகப் பரவியது. 74 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 49.5. ஆறு சென்டிமீட்டர் பெரிய ஃபிரேமைத்தான் உங்களிடம் தள்ளப் பார்க்கிறார்கள். சீட்டை இறக்கினால் பார் இறங்காது, ஹேண்டில்பாரும் கிட்டே வராது. அந்த எட்டாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போனால் கழுத்தும் மணிக்கட்டும் இரண்டே வாரத்தில் பதில் சொல்லும்.

அந்தக் காலத்து ரேஸ் ஃபிரேம்கள் பெரும்பாலும் ஆண்களின் உயரத்துக்குச் செய்யப்பட்டவை. 49, 50 அளவில் கிடைப்பது குறைவு, கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிரேமைச் சுருக்கிவிட்டுச் சக்கரத்தை, பெரிய ஃபிரேமுக்கு உரிய அதே 700சி என்ற அளவில் வைத்துவிடுவார்கள். மெதுவாகத் திரும்பும்போது கால் பெருவிரல் முன்சக்கரத்தில் உரசும். ஜார்ஜினா டெர்ரி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1985-இல் பெண்களுக்கென்றே சைக்கிள் நிறுவனம் தொடங்கி, முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கி இதைத் தீர்த்தார். அந்தச் சைக்கிள்களில் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆகவே அவசரப்படவேண்டாம். ஒரு பருவம் முழுக்கத் தேடினாலும் நஷ்டமில்லை.

இரண்டாவது, இறுகிய சீட் தண்டு. தண்டு அலுமினியம், குழாய் எஃகு. இரண்டு உலோகங்களும் ஈரத்தில் நெடுநாள் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்து, அந்த உப்பு பருத்து, இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். சில சமயம் எண்ணெயில் அசையும், சில சமயம் அம்மோனியா கரைசலில் அசையும். இரண்டுக்கும் மசியாவிட்டால் தண்டை அறுத்து, உள்ளே ரம்பம் விட்டுக் கீறிக் கீறி எடுக்கவேண்டும். அப்போது கை கொஞ்சம் தவறினால் ஃபிரேமே போச்சு. எண்ணெய் விட்டால் வந்துவிடுமென்றால் அவரே விட்டு எடுத்துக் காட்டட்டும். எந்தப் பழைய சைக்கிளானாலும் சீட் தண்டையும் ஹேண்டில் தண்டையும் உங்கள் கண்ணெதிரே ஒரு விரற்கடையாவது அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அசையாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, இத்தனை தொல்லைக்கு நடுவில் ஏன் வாங்கச் சொல்கிறேன்?

அந்த ஸ்டிக்கரில் உள்ள 531 பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த மாங்கனீஸ்–மாலிப்டினம் எஃகு. அதற்கும் முன்னால், 1897-லேயே, அந்தக் குடும்பத்தார் இன்னொரு காரியத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வெளிப்பக்கம் ஒரே பருமனாகத் தெரியும் குழாயை, பற்றவைக்கும் இரு முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இழுப்பது. பலம் வேண்டிய இடத்தில் மட்டும் உலோகம். மிலானில் செய்யப்பட்ட கொலம்பஸ் எஸ்எல் குழாயில் முனை 0.9 மில்லிமீட்டர், நடு 0.6. அந்தக் குழாய்களை அலங்கார விளிம்புள்ள இணைப்புகளில் செருகி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஒட்டினார்கள். எஃகு உருகாமலேயே பிடித்துக்கொள்வதால், ஒரு குழாய் கெட்டால் தேர்ந்தவர் சூடாக்கி அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். மற்ற பாகங்களும் அப்படித்தான். சக்கர அச்சைத் திறந்தால் பால்ரஸ் கையில் வரும்: வழக்கமாக முன்னால் பக்கத்துக்குப் பத்து, பின்னால் பக்கத்துக்கு ஒன்பது. துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான கோனை அளவாக இறுக்கினால் சக்கரம் சத்தமில்லாமல் ஓடும். சிறிய ஸ்பேனர் ஒரு ஜோடியும் ஒரு சனிக்கிழமை மதியமும் போதும். புதுச் சைக்கிள்களில் இதே இடத்தில் பெரும்பாலும் மூடிய பெட்டகம் ஒன்று இருக்கும், கெட்டால் முழுசாக மாற்றவேண்டியதுதான். மாணவராக இருக்கும் ஒருவர் தன் வாகனத்தை முழுக்கத் தன் கையால் பிரித்துக் கோக்க முடிவது பெரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய ஸ்டிக்கர்களின் நகல் தாராளமாக விற்கிறது. அசல் ஸ்டிக்கரிலும் தரம் உண்டு: சிலவற்றில் மூன்று பெரிய குழாய்கள் மட்டும் 531, சிலவற்றில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் பின்குழாய்களும் சேர்த்து. உண்மையைச் சொல்வது சீட் தண்டுதான். வெளியே எடுத்தால் அடியில் விட்டம் பொறித்திருக்கும். 27.2 (மில்லிமீட்டர்) என்றிருந்தால் பெரும்பாலும் மெல்லிய நல்ல குழாய். 26-உம் அதற்குக் கீழும் என்றால் குழாய்ச் சுவர் தடிப்பு, எடை கூடுதல்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மில் காந்தம் ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு. கண்ணாடிபோல் மின்னும், மழையில் பிரேக் பிடிக்காது. அந்தச் சக்கரங்கள் வேண்டவே வேண்டாம், அலுமினிய ரிம்தான் வேண்டும். பிறகு ஹேண்டில்பாருக்குக் கீழே, மேல்பாரும் கீழ்க்குழாயும் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரல்நுனியால் தடவுங்கள். பெயின்ட் வெடித்தோ சன்னமான மேடு தட்டியோ இருந்தால் அந்த வண்டி எப்போதோ எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: மேற்பகுதி, ஹேண்டில் தண்டு நுழையும் தலைக்குழாயின் நேர்கோட்டிலேயே இறங்கி, கீழே வந்துதான் முன்னோக்கி வளையவேண்டும். பின்சக்கரம் மாட்டும் இடத்தில், செயின் பக்கம், மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். பெடல் மாட்டிய கிராங்கில், பல்சக்கரத்தைப் பிடிக்கும் கைகள் பிரியும் மூலைகளையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய அலுமினிய ஹேண்டில்பாரையும் அதன் தண்டையும் சோதித்துக்கொண்டிருப்பதில் நேரம் போக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள். அலுமினியம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் உலோகம், உடையும்போது முன்கூட்டிச் சொல்லாது. பற்கள் போகும் விஷயத்தில் சிக்கனம் கூடாது.

ஒட்டும் டயரும் உங்களுக்கு வேண்டாம். பந்தயத்தில் அது அருமையான பொருள். ஆனால் பஞ்சரானால் தையலைப் பிரித்து, உள்ளே ஒட்டி, மறுபடி தைத்து, பசைபோட்டு ரிம்மில் ஏற்றவேண்டும். அந்த ரிம்மில் சாதாரண டயர் உட்காராது. பழைய வண்டிகளில் 27 அங்குலச் சக்கரமும் வரும். அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630 மில்லிமீட்டர், இன்று எங்கும் கிடைக்கும் 700சி 622. ஆரத்தில் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் பிரேக் கட்டையைக் கீழே இறக்க இடமிருந்தால் சக்கரத்தை மாற்றிவிடலாம்.

பெடல் அச்சின் மரை எந்த நாட்டது என்பதை வாங்குமுன்னே தெரிந்துகொள்ளவேண்டும். பிரிட்டிஷ் மரை 1.37 அங்குலம், இத்தாலியது 36 மில்லிமீட்டர், பழைய பிரெஞ்சு 35. ஒன்று மற்றதில் ஏறாது. பல வண்டிகளில் பெடல் அச்சைத் தாங்கும் அச்சுக் கிண்ணத்தின் முகத்திலேயே எழுதியிருக்கும்: '1.370 x 24', '36 x 24', '35 x 1'. முதல் இரண்டுக்கும் இன்றும் புது உதிரிபாகம் எளிதில் வாங்கலாம். மூன்றாவதற்கு அலையவேண்டும். பிரெஞ்சுச் சைக்கிள்கள் அழகானவை, எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனாலும் முதல் வண்டியாக வேண்டாம் என்பேன்.

கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல் இருப்பதைப் பற்றிப் பயப்படவேண்டாம். 1984-இல் ஜப்பானிய உதிரிபாக நிறுவனமான ஷிமானோ 'கிளிக்' சத்தத்தோடு விழும் கியரை டியூரா–ஏஸ் என்ற தன் பந்தயப் பாக வரிசையில் கொண்டுவந்தது, 1990-இல் நெம்புகோலை பிரேக் பிடிக்குள்ளேயே வைத்தது. 1984-க்கு முந்தைய ரேஸ் வண்டிகளில் பொதுவாகக் கிளிக் கிடையாது. ஒரு கையை இறக்கி நெம்புகோலை மெல்ல இழுக்கவேண்டும். செயின் கரகரவென்று உரசினால் பல் சரியாக விழவில்லை, இம்மி நகர்த்தினால் சத்தம் அடங்கும். காது பழகிவிட்டால் கண் ரோட்டிலேயே இருக்கும். ஒரு கையால் நேராக ஓட்டுவதை மட்டும் வண்டியில்லாத இடத்தில் நன்றாகப் பழகிக்கொண்டு அப்புறம் சாலைக்கு வாருங்கள். உங்கள் வழியில் ஏற்றம் இருந்தால் பற்களையும் எண்ணிப் பாருங்கள். முன்னால் 42, பின்னால் 21 என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டியை நான்கு மீட்டருக்கு மேல் தள்ளவேண்டும். பந்தய வீரருக்குச் சரி, முதுகில் புத்தகம் சுமப்பவருக்கு முழங்கால் வலிக்கும். பின்னால் 26 அல்லது 28 பல் உள்ள ஃப்ரீவீல் போட இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்னதில் மட்கார்டும் கேரியரும் நியாயமான பேச்சு. பின்சக்கர அச்சு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மரையிட்ட சின்னத் துளை இருந்தால் இரண்டையும் பூட்டலாம். அசல் பந்தய ஃபிரேமில் பெரும்பாலும் அது இருக்காது, சுமையோடு நெடுந்தூரம் போகச் செய்த அதே காலத்து டூரிங் ஃபிரேமில் இருக்கும். அதுவும் 531-இலேயே கிடைக்கும். ஒரே சைக்கிள்தான் வைத்துக்கொள்ள முடியுமென்றால் நான் அந்தத் துளை உள்ளதைத்தான் எடுப்பேன்.

அந்நிய நாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர் காகிதமில்லாமல் எதையும் வாங்கக் கூடாது. பெடல் அச்சுக்கு அடியில் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஃபிரேம் எண் இருக்கும். அதைக் குறித்து, திருட்டுச் சைக்கிள் பட்டியல் அந்த நாட்டில் இருந்தால் அதில் தேடுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். விற்பவரின் பெயர், தேதி, தொகை, ஃபிரேம் எண் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். விளக்கு பற்றிய சட்டத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள், ரேஸ் சைக்கிள்கள் விளக்கில்லாமல் வருபவை. பல பல்கலைக்கழக நகரங்களில் கருவிகளைப் பொதுவில் வைத்து நடத்தும் சைக்கிள் பட்டறைகள் உண்டு. வாங்குவதற்கு முன்னாலேயே அங்கே போய் நாலு வண்டிக்குக் கோட்டம் எடுக்க உதவுங்கள். கற்றுக்கொள்ளலாம், நல்ல ஃபிரேம் எங்கே வரும் என்ற செய்தியும் முதலில் அங்கேதான் வரும்.

திரும்பும்போது கொண்டுபோகலாம். சைக்கிள் கடைகளில் புது வண்டி வரும் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெடலைக் கழற்றும்போது இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்கவேண்டாம், வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். சக்கரங்களைக் கழற்றிய பிறகு ஃபோர்க்கின் நுனிகளுக்கு நடுவிலும் பின்பக்கமும் அகலம் மாறாதபடி கட்டையோ பழைய அச்சோ கொடுத்து இறுக்கிவிடுங்கள். பெட்டிமேல் பெட்டி அடுக்கினாலும் நசுங்காது.

அடுத்த சைக்கிள் கண்ணில் பட்டால் சீட் குழாயின் நீளம், சீட் தண்டில் உள்ள எண், அச்சுக் கிண்ணத்தில் உள்ள எழுத்து, இவற்றோடு நான்கு பக்கப் படமும் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.