பச்சைத் திரைக்கு முன்னால் பட்டுப்புடவை: வாசகர் கேள்வி – பதில்

கடைகளுக்கும் சிறுதொழில்களுக்கும் விளம்பர வீடியோ எடுப்பது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பச்சைத் திரையைப் பற்றியவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஆளுக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டிப் படமெடுத்து, அந்தப் பச்சையை எடிட்டிங்கில் நீக்கி, வேறொரு காட்சியைப் பின்னணியாகச் சேர்ப்பதுதான் இந்த முறை. படப்பிடிப்புத் தளங்களில் இந்தத் திரையைக் 'கிரீன் மேட்' என்றே சொல்வதால், பதில்களிலும் அந்தச் சொல்லே வரும்.

கேள்வி: நாங்கள் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறோம். தீபாவளி விளம்பரத்துக்காக, மாடல் பெண் ஓர் அரண்மனை முற்றத்தில் நிற்பதுபோல் கிரீன் மேட் முன்னால் எடுத்தோம். மயில்கழுத்து நிறப் புடவையில் ஆங்காங்கே துளை விழுந்து அரண்மனைத் தூண் தெரிகிறது. ஜரிகை பச்சையாக மின்னுகிறது. நீல மேட் போட்டு மீண்டும் எடுத்தால் சரியாகுமா? (கடை உரிமையாளர், காஞ்சிபுரம்)

பதில்: ஆகாது. மீண்டும் செலவு செய்வதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. எடிட்டிங் மென்பொருளுக்கு இது புடவை, இது திரை என்ற வேறுபாடு தெரியாது. 'இந்த நிறம் எங்கே இருந்தாலும் நீக்கு' என்ற ஒரே கட்டளையை அது நிறைவேற்றுகிறது. மயில்கழுத்துப் புடவையில் பெரும்பாலும் பாவு (நீள இழை) ஒரு நிறமாகவும் ஊடை (குறுக்கு இழை) இன்னொரு நிறமாகவும் ஓடுவதால், கொசுவம் அசையும்போது ஒரு கணம் நீலமும் மறுகணம் பச்சையும் மேலெழுந்து தெரிகின்றன. அந்தப் புடவைக்கு அழகே அதுதான். ஆனால் பச்சை மேட் போட்டால் பச்சை இழைகளும், நீல மேட் போட்டால் நீல இழைகளும் பின்னணியோடு சேர்ந்து காணாமல் போகும். கிளிப்பச்சை, இலைப்பச்சைப் புடவைகளுக்கு நீல மேட் பொருந்தும். அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு ஆகியவற்றுக்குப் பச்சை மேட்டே போதும். மயில்கழுத்துக்கு மட்டும் இரண்டும் உதவாது.

ஜரிகையில் தெரியும் பச்சை வேறு காரணத்தால் வருவது. விளக்கொளி மேட்டில் பட்டுத் தெறிக்கும்போது அந்தப் பச்சை ஒளி மாடலின் தோள், கூந்தல் ஓரம், முந்தானை என எல்லாவற்றின்மீதும் படிகிறது. உலோகப் பளபளப்புள்ள ஜரிகையும் தங்க நகையும் அதை இன்னும் கூடுதலாகத் திருப்பிக் காட்டுகின்றன. மாடலுக்கும் மேட்டுக்கும் இடையே எட்டிலிருந்து பத்து அடி இடைவெளி விட்டு, கேமராவில் தெரியும் பகுதிக்கு வெளியே இருக்கும் பச்சைப் பரப்பைக் கறுப்புத் துணியால் மறைத்தால் இது பெருமளவு குறையும். மிச்சத்தை மென்பொருளில் நீக்கலாம் என்று எடிட்டர் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அந்த வசதி ஜரிகையில் உள்ள பச்சையோடு புடவையின் பச்சைச் சாயலையும் சேர்த்தே குறைக்கும். வீடியோவில் ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர் கடையில் வேறொரு நிறத்தைப் பார்த்தால், விளம்பரத்துக்குச் செலவழித்த பணமே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

ஆகவே என் யோசனை இது: சலுகையை அறிவித்துப் பேசுபவரை, ஒரே நிறமுள்ள எளிய உடையில், மேட் முன்னால் எடுங்கள். புடவைகளைக் கடையின் வெள்ளைச் சுவர் அருகே, சன்னல் வெளிச்சத்தில், உண்மையான பின்னணியோடு தனியாக எடுத்து இடையிடையே சேருங்கள். தறி ஓடும் தெருக்கள் உள்ள ஊரில் இருந்துகொண்டு, கணினியில் வரைந்த அரண்மனையைத் தேடிப் போவது ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை. தறியில் பாதி நெய்த புடவை ஒன்றை அரை நிமிடம் காட்டினால், எந்த அரண்மனையைவிடவும் அது உங்கள் கடைக்கு மதிப்புச் சேர்க்கும்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதற்காக எங்கள் பின்னலாடைகளை விளக்கும் சிறு வீடியோக்களை அலுவலக அறையிலேயே, கைபேசியில் எடுக்க விரும்புகிறோம். எந்தத் துணி, எத்தனை விளக்கு வேண்டும்? பச்சை நிறத்தையே ஏன் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்? (ஏற்றுமதி நிறுவன மேலாளர், திருப்பூர்)

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. திரைப்படத் துறையில் முதலில் புழங்கியது நீலத் திரை. டிஜிட்டல் கேமரா வந்தபின் பச்சை முன்னுக்கு வந்தது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-ல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராச் சென்சார்கள் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லுகள்) பின்பற்றுகின்றன. அதில் ஒளியைப் பதியும் புள்ளிகளில் பாதி பச்சைக்கு. மீதிப் பாதியைச் சிவப்பும் நீலமும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே பச்சைப் பகுதி புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறைவாகப் பதிவாகிறது. குறைந்த வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது. மனிதத் தோலின் நிறத்திலிருந்து பச்சை வெகுதூரம் விலகி இருப்பதும் ஒரு காரணம்.

துணி எதுவாக இருந்தாலும் பளபளக்கக் கூடாது. சாட்டின் வேண்டவே வேண்டாம். பச்சைச் சாயம் ஏற்றிய பருத்தித் துணி போதும், அது உங்கள் ஊரில் கிடைப்பதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழலை உண்டாக்குகிறது. நிழல் விழுந்த பச்சை மென்பொருளுக்கு வேறொரு நிறம். அதே காரணத்தால், மேட்டுக்கு இடமும் வலமுமாக ஒரே அளவுள்ள இரண்டு விளக்குகளும், பேசுபவருக்குத் தனியாக ஒன்றிரண்டு விளக்குகளும் வேண்டும். பேசுபவருக்கு வைத்த விளக்கே மேட்டையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கனம். அப்படிச் செய்தால் அவருடைய நிழல் மேட்டில் விழுந்து, எடிட்டிங் மேசையில் பல மணி நேர வேலையாக மாறுகிறது.

கைபேசியில் ஒளியளவு, குவியம் (ஃபோகஸ்), வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் மாறாதபடி பூட்டிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். தானியங்கி முறையில் விட்டால், பேசுபவர் கையிலுள்ள வெள்ளை பனியனை உயர்த்திக் காட்டும் ஒவ்வொரு முறையும் கேமரா வெளிச்சத்தை மாற்றும். மேட்டின் பச்சையும் கூடவே மாறும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டைகளாகத் தெரியாது. கையசைவு அதிகமென்றால் 1/100 நல்லது, விரல்களின் விளிம்பு மங்காமல் கிடைக்கும். அழகூட்டும் வடிகட்டியும் பின்னணியை மங்கலாக்கும் முறையும் அணைக்கப்பட்டிருக்கட்டும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கைபேசிகள் பொதுவாக 4:2:0 என்ற முறையில் வீடியோவைச் சேமிக்கின்றன. அதில் ஒளி விவரம் முழுமையாகவும், நிற விவரம் நான்கில் ஒரு பங்காகவும்தான் பதிவாகிறது. நிறத்தை வைத்து வெட்டும் வேலைக்கு இது குறைபாடு. 4கே அளவில் எடுத்து, இறுதி வீடியோவை 1080 அளவில் வெளியிட்டால் பெருமளவு ஈடுகட்டலாம். உங்கள் பொருளுக்கே உரிய சிக்கல் இன்னொன்று: வெள்ளைப் பின்னலாடை தெறித்து வரும் பச்சையை அப்படியே வாங்கிக்கொள்ளும். வெள்ளையின் தூய்மையைப் பார்த்து ஆர்டர் தருபவருக்கு அது அழுக்காகத் தெரியும். இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். அறை சிறியதென்றால், வெள்ளை ரகங்களை மேட் இல்லாமல் எடுங்கள்.

கேள்வி: நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளைக் கிரீன் மேட் வைத்து எடுக்கலாமா? (விற்பனையாளர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். மெருகேற்றிய பித்தளை சுற்றியிருப்பதை எல்லாம் கண்ணாடிபோல் காட்டும். மேட்டை நீக்கும்போது விளக்கின் தண்டிலும் அகலிலும் பச்சை விழுந்த இடமெல்லாம் பொத்தலாகும். கறுப்பு அல்லது பழுப்புத் துணியைப் பின்னால் விரித்து, பக்கத்திலிருந்து வரும் மென்மையான வெளிச்சத்தில், முடிந்தால் திரி ஏற்றி எடுங்கள். எவர்சில்வர், கண்ணாடிப் பொருள்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: மனைப்பிரிவு ஒன்றை விற்கிறோம். சாலை, பூங்கா, நீச்சல்குளம் எதுவும் இன்னும் அமையவில்லை. அவற்றின் கணினிப் படத்தைப் பின்னணியாக்கி, எங்கள் ஊழியர் அவற்றின் நடுவே நடந்து வருவதுபோல் எடுக்கலாமா? (மனை வணிகர், கோயம்புத்தூர்)

பதில்: தொழில்நுட்பத்தில் தடை இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் செலுத்தி நட்டமடைந்தவருக்கு நீங்கள் இழப்பீடு தர வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால், செலுத்திய தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அச்சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டிய திட்டமாக இருந்தால், பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவே கூடாது. செய்யும் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். இது தவிர, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

'கற்பனைக் காட்சி' என்று ஓரத்தில் போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளம்பரங்கள் பற்றி 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தவறான ஒரு கூற்றைச் சரிக்கட்டுவதற்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. தமிழில் நீச்சல்குளத்தைப் புகழ்ந்துவிட்டு, கடைசி இரண்டு விநாடிகளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மறுப்பது செல்லாது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ளவற்றை மட்டும், 'அமையவிருப்பது' என்ற பெரிய தமிழ் எழுத்துகள் காட்சி முழுவதும் நிற்கும்படி காட்டுங்கள். ஊழியர் மட்டும் இன்றைய வெற்று மனையில், உண்மையான வெயிலில் நின்று பேசட்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பின்னணியைத் தாமாகவே நீக்கித் தருகின்றனவே, இனி மேட் எதற்கு? (பயிற்சி மைய நடத்துநர், மதுரை)

பதில்: நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்தும் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். தலையும் தோளும் மட்டும் தெரியும் காட்சியில் அச்செயலிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. விரித்த கூந்தல், மல்லிகைச் சரம், விரித்த விரல்கள், கையில் உயர்த்திப் பிடித்த பொருள் ஆகியவை வரும்போதுதான் தடுமாற்றம். மனித உருவத்தைத் தேடும் செயலி, கையிலுள்ள புத்தகத்தைப் பின்னணியோடு சேர்த்து அழித்துவிடுவதும் உண்டு. விளிம்பு வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் சற்றே மாறி நடுங்குவது பெரிய திரையில் உறுத்தும். நன்றாக ஒளியமைத்த மேட் தரும் விளிம்பு அதைவிடச் சுத்தமானது. மாறாக, முதல் கேள்வியிலுள்ள மயில்கழுத்துப் புடவைக்கு இச்செயலிகள் கைகொடுக்கலாம், ஏனெனில் அவை நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

கேள்வி: எங்கள் கடைப் பணியாளரை ரத வீதிப் படத்தின் முன் நிற்கவைத்தோம். வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா? (இனிப்புக் கடை, திருநெல்வேலி)

பதில்: மென்பொருள் காரணமாக இருக்காது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதற்குத் தேவையான கருவிகள் உள்ளன. கைபேசியில் கைன்மாஸ்டர் என்ற செயலி போதும், நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். நீங்கள் பார்க்க வேண்டியது பின்னணிப் படத்தை. அது மாடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்து, பணியாளரை நெஞ்சு உயரத்தில் கேமரா வைத்து எடுத்திருந்தால், இரண்டும் ஒருபோதும் பொருந்தா. தெருவில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறதென்றால் உங்கள் முதன்மை விளக்கும் இடப்பக்கமே இருக்க வேண்டும். பின்னணியைச் சற்று மங்கலாக்குங்கள். பாதங்களைக் காட்டினால் தரையில் நிழல் வரைய வேண்டியிருக்கும் என்பதால், இடுப்புக்கு மேல் மட்டும் காட்டுவது எளிது. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்திருந்தால் அதற்குப் பதிப்புரிமைச் சிக்கலும் வரும். காலையில் கூட்டமில்லாத நேரத்தில், அதே கைபேசியை அதே உயரத்தில் வைத்து, வீதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.