பெட்டியில் தேதி போடவில்லை: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் வீடியோ கேமை அதன் கம்பெனியான யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தி மூடியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் பதினைந்து வருடமாக கேம் ஆடுகிறவன்தான், ஆனாலும் உங்கள் கோபம் கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. 2014-ல் வந்த கேமை 2024-ல் மூடினார்கள். ஏறத்தாழ பத்து வருடம் ஓடியிருக்கிறது, கொடுத்த காசுக்கு அது போதாதா? ஆள் குறைந்துபோன கேமுக்கு எத்தனை காலம்தான் சர்வர் செலவு செய்வார்கள், அவர்கள் என்ன தர்மசத்திரமா நடத்துகிறார்கள்? தியேட்டரில் டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கிறோம், முடிந்ததும் எழுந்து வந்துவிடுகிறோம். பத்து வருடம் கழித்து அதே டிக்கெட்டைக் காட்டி உள்ளே விடச்சொல்லிக் கேட்பதில்லையே. பாட்டு, படம் எல்லாம் சந்தாவுக்கு மாறிய பிறகு கேமுக்கு மட்டும் ஏன் இந்தச் சண்டை?

இன்னொன்று. பையன் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கருவியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எதையுமே வாங்கக் கூடாது போலிருக்கிறது. என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தியேட்டர் டிக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டிக்கெட்டில் தேதி இருக்கும், காட்சி நேரம் இருக்கும், சீட் நம்பர்கூட இருக்கும். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது கொடுக்கும்போதே தெரியும். ‘தி க்ரூ’ பெட்டியில் அப்படி ஒரு தேதி இல்லை. மூடியதற்காக யூபிசாஃப்ட் மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டவர்கள் ஒரு விஷயத்தை நீதிமன்றத்தில் எடுத்துவைத்தார்கள்: கேமோடு வந்த, அதைத் திறப்பதற்கான ஆக்டிவேஷன் கோடு 2099 வரை செல்லுபடியாகும் என்று இருந்ததாம். நிறுவனத்தின் பதில் என்ன தெரியுமா? நீங்கள் வாங்கியது லைசென்ஸ்தான், அதாவது ஆடுவதற்கான அனுமதிதான், ஆன்லைன் வசதிகளை 30 நாள் முன்னறிவிப்போடு நிறுத்தலாம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறோம் என்றார்கள். ஆன்லைன் வசதிகளில் ஒன்றிரண்டை நிறுத்துவது வேறு, கேமையே திறக்கவிடாமல் செய்வது வேறு. அந்த கேமில் தனியாக ஆடுகிற கதைப் பகுதி முழுதாக இருந்தது, ஆனால் அதற்கும் கம்பெனியின் சர்வரோடு தொடர்பு வேண்டும். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைபடமாக்கி, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நிற்காமல் வண்டி ஓட்டலாம் என்று செய்திருந்தார்கள். யாரோடும் போட்டி போடாமல் சும்மா ஓட்டிக்கொண்டு போவதற்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் 2024 மார்ச் 31-ல் கதவைச் சாத்தினார்கள். அடுத்த மாதமே யூபிசாஃப்ட் கணக்குகளிலிருந்து லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். கையில் டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அது ஓடாது.

பத்து வருடம் ஓடியது என்கிறீர்கள். அது முதல் நாளே வாங்கியவருக்கு. 2023 டிசம்பர் நடுவில்தான் அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள், அதுவரை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். சமீபத்தில் வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள், சரி. இரண்டு மூன்று வருடம் முன்னால் வாங்கியவர்?

இப்போது சர்வர் செலவுக்கு வருவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். யாரும் சர்வரைக் காலாகாலத்துக்கும் ஓட்டச் சொல்லவில்லை. யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பதும் அதை இல்லை. மூடுகிற அன்றைக்கு, வாங்கியவர் தன் வீட்டில் வைத்து ஆடும்படி ஏதாவது ஒரு வழி செய்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காக 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், அத்தனை பேருக்கும் கணக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. செய்யக்கூடிய காரியம் என்று தெரிந்துதான் போட்டார்கள். ‘நாக்அவுட் சிட்டி’ என்ற ஆன்லைன் கேமை 2023 ஜூனில் மூடியபோது, அதைச் செய்த சின்ன ஸ்டுடியோ, ஆடுகிறவர்களே சர்வர் நடத்திக்கொள்ளும்படி ஒரு பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ கார் கேமின் சர்வரை 2024 ஜனவரியில் நிறுத்துவதற்கு முன், ஆஃப்லைனிலேயே சேவ் ஆகும்படி அப்டேட் போட்டார்கள். ‘ரெட்ஃபால்’ கேம் எவ்வளவு மோசமாகப் போனது என்று உங்களுக்கே தெரியும், அதைச் செய்த ஸ்டுடியோவையே மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது, அந்த நிலையிலும் கடைசி அப்டேட்டில் ஆஃப்லைன் மோட் வந்தது. வேலை போகப்போகிறது என்று தெரிந்த மனிதர்கள் உட்கார்ந்து அதை முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைத்தாலே எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

கேமில் கார்களைக் காட்ட கார் கம்பெனிகள் கொடுத்த லைசென்ஸ் காலாவதியாகிறது என்றும் ஒரு காரணம் சொல்வார்கள். யூபிசாஃப்டும் சொன்னது. ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 4’ என்ற கார் கேமும் லைசென்ஸ் முடிந்ததால் 2024 டிசம்பரில் கடையிலிருந்து போய்விட்டது. ஆனால் முன்பே வாங்கியவர் இன்றும் டவுன்லோட் செய்து ஆடலாம். விற்பதற்குத்தான் லைசென்ஸ் தடை, விற்றதைப் பறிப்பதற்கு அது காரணமாகாது.

இதைவிட ஒரு விஷயம். ‘தி க்ரூ’வை இனி ஓடவைக்கவே முடியாது என்று இருந்த நிலையில், ரசிகர்கள் சிலர் சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், சர்வர் வேலையை கம்ப்யூட்டரிலேயே செய்யும் ஒரு மென்பொருளை எழுதி 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். பிசியில் கேம் மறுபடியும் ஓடுகிறது. கேமை எழுதிய கம்பெனியிடம் முழு ப்ரோகிராம் கோடும் இருந்தது, ரசிகர்களிடம் அது இல்லை, வெளியே நின்று ஊகித்து ஊகித்துச் செய்தார்கள். இத்தனை சத்தம் போட்ட பிறகு யூபிசாஃப்டே அடுத்த பாகமான ‘தி க்ரூ 2’-க்கு ஆஃப்லைன் மோட் கொடுத்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முடியாது என்பதெல்லாம் கேட்கிற ஆள் இல்லாத வரைக்கும்தான்.

சந்தா விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. மாதம் பணம் கட்டுகிறோம், நிறுத்தினால் போய்விடும், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ‘வாங்கு’ என்று எழுதிய பட்டனை வைத்து முழு விலையும் வாங்கிக்கொண்டு, பின்னால் அது வாடகைதான் என்று சொல்வதுதான் என் புகார். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது, நீங்கள் வாங்குவது லைசென்ஸ் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைக் கடைகள் போடக் கூடாது. பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய பிளேஸ்டேஷன் 2 கிடைத்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைத் தேடி எடுத்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிச் சொருகி, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ கேம் டிஸ்க்கைப் போட்டேன். டிஸ்க் முழுக்கக் கீறல், உள்ளே இரண்டு மூன்று முறை கிர்ரென்று இழுத்தது, அப்புறம் ஓடிவிட்டது. எட்டு எம்பி மெமரி கார்டில் என் தம்பி கல்லூரிக் காலத்தில் சேவ் செய்து வைத்த ஆட்டம் அப்படியே இருந்தது, அவன் திருடிக்கொண்டு வந்து கராஜில் நிறுத்திய கார் உட்பட. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன், ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினான். யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த டிஸ்க் ஓடியது. இன்று முழு விலை கொடுத்து வாங்குகிற கேம்களில் எத்தனை இருபது வருடம் கழித்து இப்படி ஓடும்?

உங்கள் பையனுக்கு ஸ்விட்ச் 2 தாராளமாக வாங்கிக் கொடுங்கள், நல்ல கருவி. கேம் வாங்கும்போது மட்டும் பெட்டியின் முன்பக்கத்தில் கீழே பாருங்கள். சாவிப் படம் போட்டு ‘கேம்-கீ கார்டு’ என்று இருந்தால் அந்தக் கார்டுக்குள் கேம் இல்லை, சொருகிய பிறகு முழுவதையும் நெட்டிலிருந்து இறக்க வேண்டும், நிண்டெண்டோவின் டவுன்லோட் சர்வர் இருக்கும் வரை அது நடக்கும். அந்தக் குறி இல்லாத பெட்டிகளும் கடையில் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலும் கேம் கார்டிலேயே வரும். பிசியில் என்றால் நான் முதலில், கேம் ஃபைலை நாமே வைத்துக்கொள்ள விடும் ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் தேடுவேன், இன்ஸ்டாலர் ஃபைலை இறக்கித் தனி ஹார்டு டிஸ்கில் போட்டுவைத்துவிடுவேன். தனியாக ஆடுவதற்குக்கூட நெட் வேண்டும் என்கிற கேமுக்கு முழு விலை கொடுப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. பிடித்திருந்தால் தள்ளுபடியில் வாங்குவேன், வாடகை என்று தெரிந்தே.

பையனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். என்ன கேம் வாங்கினான் என்றும் எழுதுங்கள்.