சயரோகமும் இல்லை, டம்ளரைப் பிரிக்கவும் தேவையில்லை

கேள்வி: எனக்கு 38 வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். மாதக்கணக்கில் வறட்டு இருமல், மலை ஏறினால் மூச்சு வாங்கும். கண்டியில் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்து 'சார்கொய்டோசிஸ்' என்றார்கள். மூன்று மாதமாக பிரெட்னிசொலோன் குடிக்கிறேன். இருமல் நின்றுவிட்டது, முகம்தான் ஊதிவிட்டது. குளிசையை நிறுத்தலாமா? லயத்தில் எல்லோரும் சயரோகம் என்கிறார்கள். மாமியார் என் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, டம்ளர் விஷயத்தை முதலில் முடிப்போம். உங்களுக்கு வந்திருப்பது ஒட்டுகிற வருத்தமல்ல. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் செல்களே நுரையீரலிலும் நெஞ்சுக்கு நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரண்டுவிடுகின்றன. ஏன் திரள்கின்றன என்பது மருத்துவர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சயரோகத்திலும் முடிச்சுகள் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். அதனால்தான் சதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, சயரோகமே என்றாலும் அது பரவுவது காற்றில்தான், டம்ளரில் அல்ல. அடுத்த கிளினிக்குக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள். நான் எழுதுவதைவிட டொக்டர் வாயால் கேட்டால்தான் நம்புவார்.

இனி குளிசை. நீங்களாக நிறுத்தவே கூடாது. நீங்கள் குடிக்கும் பிரெட்னிசொலோன் ஒரு ஸ்டீரொயிட். வாரக்கணக்கில் அதைக் குடிக்கும்போது, அதே வேலையைச் செய்யும் நம் சொந்தச் சுரப்பி தூங்கிப்போகும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைச்சுற்று, பிரஷர் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அடங்கின முடிச்சும் திரும்ப எழும்பலாம். இருமல் நின்றது குளிசை வேலை செய்வதற்கு அடையாளம், வருத்தம் முடிந்ததற்கு அல்ல. டொக்டர் மாதக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் அளவைக் குறைப்பார். முகவீக்கமும் அதோடு வடியும். காலையில், சாப்பிட்ட பிறகு குடியுங்கள். பசி அகோரமாக வரும், சீனியும் ஏறும். ஆகவே பிளேன்டீயில் சீனியைக் குறைத்துக்கொண்டு, இரத்தத்தில் சீனியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குளிசை எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் விடாத காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீரொயிட் எலும்பைத் தேய்க்கும் என்று யாராவது கல்சியமும் விட்டமின் 'டி' (D) குளிசையும் வாங்கித் தருவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த வருத்தத்தில் அந்த முடிச்சுகளே இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றிவிடுவதுண்டு. சிறுநீரகத்தில் கல் வரை போகும். இரத்தம் சோதிக்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

பலருக்கு இரண்டு மூன்று வருடங்களில் இது தானாகவே அடங்கிவிடும். சிலருக்குத்தான் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். அதைக் கண்காணிக்கத்தான் ஊதிப் பார்க்கும் சோதனை, தவறவிடாதீர்கள். விறகடுப்புப் புகைக்கு முடிந்தவரை விலகியிருங்கள்.

நெஞ்சு படபடத்தாலோ மயங்கி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயத்திலும் முடிச்சு வரலாம். கண்ணிலும் வரும், அதுவும் சில வேளை வலியோ சிவப்போ இல்லாமல். கடிதத்தில் கண் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்வை நன்றாக இருந்தாலும் இந்த மாதமே கண் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள்.