துணி, நூல் வகைகளை அடையாளம் காண டிகிரி இல்லாமல் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் பன்னிரண்டாவது வரைதான் படித்திருக்கிறேன். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேல்ஸில் நின்று, பிறகு அதே கடையின் குடோனில் சரக்குப் பார்க்கும் வேலைக்குப் போனவள். பருத்தி எது, ரேயான் எது, பட்டு எது என்று பார்த்தவுடன் சொல்ல எங்கே கற்பது என்று மட்டும் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். "டிகிரி இல்லாமல்" என்று சேர்த்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

நீங்கள் வீட்டிலிருந்தபடியே சேலையோ சுடிதார் மெட்டீரியலோ விற்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சப்ளையர் "ப்யூர் காட்டன்" என்று அனுப்பியதைப் பிரித்ததும் சந்தேகம் வந்திருக்கும். யூடியூபில் தேடியிருப்பீர்கள். எல்லோரும் நூலைக் கொளுத்திக் காட்டியிருப்பார்கள்.

கொளுத்துவது நல்ல சோதனைதான், பாதி தூரம் வரைக்கும். பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும், பேப்பர் எரிகிற வாசனை வரும், ஊதினால் பறக்கிற சாம்பல் மிஞ்சும். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மிஞ்சுகிற கருப்பு உருண்டையை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறிய பிறகு உருண்டை நசுங்கவே நசுங்காது. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி என்றால் எரியவும் செய்யும், சாம்பலைத் தேய்த்தால் நெருடவும் செய்யும்.

சரி, ரேயானுக்கு என்ன செய்வீர்கள்? விஸ்கோஸ் ரேயான் மரக்கூழிலிருந்து எடுப்பது. அதுவும் பருத்தி போல செல்லுலோஸ்தான். அதே வாசனை, அதே சாம்பல். நான் பார்த்தவரை காட்டன் என்ற பெயரில் தலையில் கட்டப்படுவதில் ரேயானுக்குத்தான் முதலிடம், அதுவும் தீக்குச்சி சோதனையை நம்புகிறவர்களின் தலையில்.

எங்கள் கடைக்கு ஒரு முறை இப்படி ஒரு லாட் வந்தது. 60-ஆம் நம்பர் காட்டன் என்று ரேட் போட்டிருந்தார்கள் (நூல் நம்பர் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). துணி கையில் ஜில்லென்று இருந்தது, மடித்து வைத்தால் வழுக்கிக்கொண்டு தொங்கியது. எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. கொண்டு வந்தவர் முதலாளியின் முன்னாலேயே ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டினார். "பாருங்கண்ணா, சாம்பலைப் பாருங்க, சுத்தமான காட்டன்." முதலாளியின் மகன் வெளியூரில் டெக்ஸ்டைல் படித்து வந்தவர், தலையை ஆட்டிவிட்டார்.

நான் ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் எச்சில் தொட்டு நனைத்து, இரண்டு பக்கமும் இழுத்தேன். நனைந்த இடத்திலேயே அறுந்தது. ரேக்கிலிருந்த நிச்சயமான காட்டன் துணியில் ஒரு நூல் எடுத்து அதே மாதிரி செய்தேன். அது காய்ந்த இடத்தில் அறுந்தது. பருத்தி நனைந்தால் கொஞ்சம் பலம் கூடும். சாதாரண விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். "நனைஞ்சா எந்த நூலும் அறுந்துதாம்மா போகும்" என்றார் கொண்டு வந்தவர். மறுபடி மறுபடி இழுத்துக் காட்டினேன். பிறகு துணியின் ஒரு மூலையைத் தண்ணீரில் முக்கி மகனிடம் கொடுத்தேன். விறைத்துப் போயிருந்தது, அதுவும் விஸ்கோஸின் குணம். கடைசியில் கோவையில் ஒரு லேபுக்கு சாம்பிள் போனது. நூறு சதவீதம் விஸ்கோஸ் என்று ரிப்போர்ட் வந்தது. லாட் திரும்பிப் போனது. "என் பையன் கண்டுபிடிச்சிட்டான்" என்று முதலாளி அடுத்த கடைக்காரரிடம் சொன்னதைக் குடோனில் எல்லோரும் கேட்டோம்.

டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவர்கள் கமென்டில் வருவீர்கள் என்று தெரியும். லையோசெல் என்று மரக்கூழிலிருந்தே எடுக்கிற இன்னொரு இழை அவ்வளவு பலம் இழக்காது, அது இந்த எச்சில் சோதனையில் தப்பித்துவிடும். ஒத்துக்கொள்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் பருத்தி இழை தட்டையாக முறுக்கிக்கொண்டு கிடக்கும், கம்பளியில் செதில் தெரியும், லினனில் குறுக்கே கணுக்கள் தெரியும், விஸ்கோஸில் நெடுக்காகக் கோடுகள் ஓடும் என்பதும் தெரியும். பாலி காட்டனில் எத்தனை சதவீதம் எது என்று அறிய 70 சதவீத கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போடுவார்கள். அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். வாங்கலாமா வேண்டாமா, லேபுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிற வரைக்கும்தான் நான் சொல்கிற முறை. கடையில் அந்த முடிவுக்குத்தான் காசு.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் குடோனில் இருந்த ஒரு பெரியவர், பழைய தறிக்காரர். அவரிடம் ஒரு ஊசி, ஒரு பிக் கிளாஸ் (நூல் எண்ணுகிற சின்ன பூதக்கண்ணாடி), தீப்பெட்டி, டம்ளரில் தண்ணீர், அவ்வளவுதான் சாமான். "துணியப் பாக்காத அம்மிணி, நூலப் பிரிச்சுப் பாரு" என்பார். முதலில் ஓரக் கரையைப் பார்த்து எது பாவு, எது ஊடை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டிலிருந்தும் தனித்தனியாக நூல் எடுக்க வேண்டும். பாவில் பட்டும் ஊடையில் வேறு ஏதோவும் போட்ட சேலைகள் ஏராளம். விற்கிறவர் உங்களுக்கு எந்த நூலைக் கொளுத்திக் காட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்த நூலை முறுக்குக்கு எதிராகத் திருப்பிப் பிரியுங்கள். குட்டைக் குட்டையாக இழைகள் கழன்று வந்தால் நூற்ற நூல். முடிவே இல்லாமல் நீளமாக ஓடினால் ஃபிலமென்ட். பட்டு, பாலியஸ்டர், நைலான் எல்லாம் அப்படி வரும். பருத்தி ஒருநாளும் அப்படி வராது. பட்டு என்று சொல்லி, பிரித்தால் குட்டை இழை வருகிறதா, ஸ்பன் சில்க்காக (குட்டைப் பட்டு இழைகளை நூற்றது) இருக்கலாம், அல்லது பட்டே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு நூல் சேர்த்து முறுக்கியிருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

நூல் நம்பரில் எல்லோரும் குழம்புவார்கள். 840 கெஜம் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடையில் எத்தனை ஹேங்க் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். அதனால் 40-ஐ விட 60 மெல்லிசு. டெனியர் இதற்கு நேர் எதிர்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அது. எண் கூடினால் நூல் தடிமன். 40-ஆம் நம்பர் நூல் ஏறக்குறைய 133 டெனியர். துணியின் கனத்தை ஜிஎஸ்எம்மில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. அதற்கு ஜிஎஸ்எம் கட்டர் வாங்க வேண்டாம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி நகைத் தராசில் போடுங்கள், 1.2 கிராம் என்றால் 120 ஜிஎஸ்எம். பிக் கிளாஸ் மட்டும் கண்டிப்பாக வாங்குங்கள், விலை பெரிதாக இல்லை. ஒரு இஞ்சில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று எண்ணிப் பழகினால் சப்ளையர் சாம்பிளில் ஒன்றும் லாட்டில் ஒன்றும் அனுப்ப முடியாது.

ஜரியைத் தனியாகப் பாருங்கள். அசல் ஜரியில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளித் தகடு ஓடும், மேலே தங்க முலாம். சுரண்டினால் பெரும்பாலும் உள்ளே சிவப்பு நூல் தெரியும். செம்புக் கம்பியிலும் வருகிறது, வெறும் பாலியஸ்டர் பட்டையிலும் வருகிறது. பட்டுக்கு மத்திய பட்டு வாரியத்தின் கீழ் 2004-லிருந்து சில்க் மார்க் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். மூங்கில் துணி என்று யாராவது விற்றால் அது பெரும்பாலும் விஸ்கோஸ்தான். ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்காவில் வணிக ஆணையம் 2009-லேயே சில கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது.

இவ்வளவு சொன்னவள் ஏன் சேல்ஸை விட்டுக் குடோனுக்குப் போனேன் என்று கேட்பீர்கள். துணி மேல் ஆசையில் இல்லை. குடோனில் உட்காரலாம், அதற்காகத்தான். கடையில் காலை முதல் இரவு வரை நின்றே ஆக வேண்டும், கஸ்டமர் இல்லாத நேரத்திலும். ரேக்கில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு ஆள் வருவார். கால் வீங்கி வீட்டுக்குப் போவோம். கேரளத்தில் 2018-லும் இங்கே 2021-லும் ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டமே திருத்தினார்கள். திருத்திய பிறகு ஸ்டூல் வந்ததா? எங்கள் கடையில் வந்தது, ஃப்ளோருக்கு ஒன்று. அதன் மேல் பில் புத்தகத்தை வைத்திருந்தார்கள். நீங்கள் அடுத்த முறை ஐம்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லும்போது இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று ரிப்போர்ட் அடிப்பவர்கள் அடித்துக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ளும் வழிக்கு வருகிறேன். சந்தேகத் துணியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த துணிகளில் துண்டு சேர்த்து ஒரு நோட்டில் ஒட்டுங்கள். மில் முத்திரை போட்ட வேட்டி, சில்க் மார்க் சேலையின் ஓரம், லேபிள் உள்ள லினன் சட்டை, ரேயான் நைட்டி, பாலியஸ்டர் லைனிங். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று, எரித்த சாம்பலை செலோ டேப்பில் ஒட்டி ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லிப் பழகுங்கள், வீட்டில் யாரையாவது பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். காசு கொடுத்துத் துணி வாங்க வேண்டாம். எந்த டெய்லர் கடையிலும் வெட்டுத் துணி மூட்டையாகக் கிடக்கும். யூனிஃபார்ம் தைக்கிறவரிடம் போனால் 67-க்கு 33 டெரிகாட்டன் (67 சதவீதம் பாலியஸ்டர், 33 சதவீதம் பருத்தி) கிடைக்கும், அதை மட்டும் இரண்டு துண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். காட்டன் என்று உங்களிடம் அடுத்து வரப்போவது அநேகமாக அதுதான்.