1.8 கி.மீ. தூரத்துக்கு மோட்பஸ்: ஃபைபர் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

கேள்வி: கட்டுப்பாட்டு அறையில் பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி). அங்கிருந்து 1.8 கி.மீ. தள்ளி பம்ப் ஹவுஸ். அதில் 6 விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), 2 எனர்ஜி மீட்டர். எல்லாமே ஆர்எஸ்-485 (செம்புக் கம்பி டேட்டா லைன்) வழியாக மோட்பஸ் ஆர்டியு (கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை), வேகம் நொடிக்கு 19200 பிட். டிரைவ் ஓடினால் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. இடி இறங்கினால் போர்ட்டே எரிந்துபோகிறது. ஃபைபர் போட்டால் சரியாகுமா? என்ன வாங்குவது?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆர்எஸ்-485-க்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 1200 மீட்டர். அதை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஆனால் போர்ட் எரிவது தூரத்தால் அல்ல, எர்த்தால். ஆர்எஸ்-485 ரிசீவர் தாங்கும் பொது மின்னழுத்தம் -7 முதல் +12 வோல்ட் வரைதான். மின்னல் இறங்கும் நொடியில் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் வரும். அந்த மின்சாரம் உங்கள் டேட்டா கேபிள் வழியாகப் பாய்கிறது. இரு முனையிலும் ஆர்எஸ்-485-ஐ ஒளியாக மாற்றும் கன்வெர்ட்டர் வைத்து, நடுவே கண்ணாடி ஃபைபர் போட்டால் அந்தப் பாதையே அறுந்துவிடும்.

இந்த நன்மையைக் கேபிள் தேர்விலேயே பலர் தொலைத்துவிடுகிறார்கள். எலி கடிக்குமே என்று இரும்புக் கவச ஃபைபர் வாங்கி, அந்தக் கவசத்தை இரு பக்கமும் கன்வெர்ட்டர் பேனல் வரை கொண்டுவந்தால், இரண்டு எர்த்தும் மறுபடி சேர்ந்துவிடும். உலோகமே இல்லாத, கண்ணாடி நூல் கவசம் கொண்ட கேபிள் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். இரும்புக் கவசம்தான் கைவசம் இருக்கிறதென்றால், கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே கவசத்தை வெட்டி, அங்குள்ள எர்த் பாரில் இணைத்து நிறுத்திவிடுங்கள்.

ஃபைபரில் இரு வகை: ஒளி போகும் மையம் தடித்த மல்ட்டிமோட், மெல்லிய சிங்கிள்மோட். எதை வாங்குவது? கணக்கே சொல்லிவிடும். மல்ட்டிமோடில் 850 நானோமீட்டரில் கி.மீ.க்கு சுமார் 3.5 டெசிபல் இழப்பு, 1.8 கி.மீ.க்கு 6.3. கனெக்டர், ஸ்ப்ளைஸுக்கு (இழை ஒட்டு) 1.5, முன்னெச்சரிக்கைக்கு 3 சேர்த்தால் 10.8. மல்ட்டிமோட் கன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு 2 கி.மீ.தான் எல்லை என்பதால் விளிம்பில்தான் நிற்பீர்கள். சிங்கிள்மோடில் 1310 நானோமீட்டரில் கி.மீ.க்கு 0.4 வீதம் 0.72தான், எல்லாம் சேர்த்தும் 5.3-க்குள் அடங்கும். சிங்கிள்மோடே போடுங்கள். அதற்காக 60 கி.மீ. கன்வெர்ட்டர் வாங்கிவிடாதீர்கள்; குறுகிய தூரத்தில் ஒளி அதிகமாகி ரிசீவர் திணறும், அட்டென்யுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துணைக்கருவி) போட வேண்டிவரும். தேவை 2 கோர் (கண்ணாடி இழை) மட்டும்தான். ஆனால் 6 கோர் கேபிளாகப் புதையுங்கள். குழி தோண்டும் செலவுதான் பெரிது.

கனெக்டர் நிறத்தைக் கவனியுங்கள். சிங்கிள்மோடில் நீலம் யுபிசி, பச்சை ஏபிசி என்ற வகை. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது; நீலத்தோடு சொருகினால் உட்காரும், ஆனால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். சிங்கிள்மோடில் ஒளி போகும் மையம் 9 மைக்ரான்தான், அதனால் ஒரு தூசி போதும் வழியை மறைக்க. ஒவ்வொரு முறை சொருகும் முன்பும் துடையுங்கள். ஒரு முனையின் டிஎக்ஸ் (அனுப்பும் துளை) மறுமுனையின் ஆர்எக்ஸுக்குப் (பெறும் துளை) போக வேண்டும். முனைக்குள் கண் வைத்துப் பார்க்கவே வேண்டாம். 1310 ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ஃபைபர் தீர்க்காதது ஒன்று உண்டு: பம்ப் ஹவுஸுக்குள் கன்வெர்ட்டரிலிருந்து டிரைவ்கள் வரை போகும் செம்புக் கேபிள். இரைச்சல் பிறக்கும் இடமே அதுதான். கன்வெர்ட்டர் ஒரு முனை, கடைசி டிரைவ் மறுமுனை என்று ஒரே சங்கிலியாக இழுங்கள்; நட்சத்திரமாகப் பிரிக்காதீர்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். கன்வெர்ட்டர், டிரைவ் எல்லாவற்றின் சப்ளையையும் அணைத்துவிட்டு லைனின் ஏ, பி கம்பிகளுக்கு இடையே மல்ட்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது. 40 என்றால் நடுவில் ஏதோ டிரைவின் ரெசிஸ்டர் சுவிட்ச் ஆனில் இருக்கிறது. பிறகு சப்ளை கொடுத்து, யாரும் பேசாத நேரத்தில் ஏ, பி இடையே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கன்வெர்ட்டரில் பயாஸ் சுவிட்சை (யாரும் பேசாதபோதும் லைனை ஒரே நிலையில் பிடித்துவைப்பது) போடுங்கள். காமன் வயரை (கருவிகளின் பூஜ்ய வோல்ட் முனைகளை இணைக்கும் கம்பி) விடாதீர்கள். மோட்டார் கேபிளிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளிக் கொண்டுபோங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சிஆர்சி பிழை (டேட்டா சிதைந்து வந்ததைக் காட்டுவது) வந்தால், ஃபைபரின் தாமதத்தைச் சந்தேகிக்காதீர்கள். கி.மீ.க்கு 5 மைக்ரோ நொடி வீதம் 1.8 கி.மீ.க்கு 9 மைக்ரோ நொடிதான். 19200-ல் ஒரு பிட்டே 52 மைக்ரோ நொடி. பெரும்பாலும் கன்வெர்ட்டரின் டிப் சுவிட்சில் வேகம் தவறாக இருக்கும். 9600-ல் விட்டால், கடைசி பிட் போன பிறகும் அது லைனை விடாமல் பிடித்திருக்கும். அதற்குள் டிரைவ் பதில் சொல்லத் தொடங்கி, முதல் பைட் நசுங்கிப்போகும். சுவிட்சைத் திருத்தி, டிரைவில் பதில் தாமத அமைப்பு இருந்தால் 5 முதல் 10 மில்லி நொடி கொடுங்கள்.

கன்வெர்ட்டருக்கு 24 வோல்ட் கொடுக்கும் சப்ளை உள்ளூர் மெயின்ஸிலிருந்துதான் வருகிறது. மின்னல் அந்த வழியாகவும் நுழையும் என்பதால் அங்கே சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் கருவி) அவசியம். கன்வெர்ட்டரை இணைக்கும் முன் பவர் மீட்டரால் ஒவ்வொரு கோரின் இழப்பையும் அளந்து பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். 2 டெசிபல் அளவில் வர வேண்டும். 5 வந்தால் முதலில் கனெக்டரைத் துடையுங்கள், பிறகு பெட்டிக்குள் பிக்டெயில் (முனையில் கனெக்டர் உள்ள சிறு ஃபைபர்) எங்காவது இறுக்கமாக மடிந்திருக்கிறதா பாருங்கள்.