குடித்த நாளிலும் மாத்திரை உண்டு

கேள்வி: என் அண்ணனுக்கு 43 வயது. எட்டு வருடமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணி பிரிந்து போனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். தனித் தட்டு, தனி டம்ளர் கொடுத்து நன்றாகவே பார்த்துக்கொள்கிறோம். வாரத்தில் நாலு நாளாவது குவார்ட்டர். சில நாள் இரண்டு. காலையில் கை நடுங்குகிறது. குடித்த நாளில் மாத்திரையைத் தொடுவதில்லை, 'ரெண்டும் சேர்ந்தா விஷம்' என்கிறார். குடிக்கிறவனுக்கு எதற்கு இலவச மருந்து என்று என் வீட்டுக்காரர் கோபப்படுகிறார். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி, சென்னை

பதில்: வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றே குப்பையில் கொட்டிவிடுங்கள். பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் என்ற மருந்தை மனநல மருத்துவர்கள் கொடுப்பது உண்டு. ஆனால் சாப்பிடுகிறவரிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு, ஈரலைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அது உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குவார்ட்டர் அடித்தால் வாந்தி, படபடப்பு என்று ஆரம்பித்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

பொடியைவிட எனக்குக் கவலை தருவது அந்த 'விஷம்' பேச்சு. உங்கள் அண்ணன் மட்டுமல்ல, பல நாடுகளில் பலர் இப்படி நம்பித்தான் குடித்த நாளில் மாத்திரையை விடுகிறார்கள். 'குடிச்சிட்டு மாத்திரை போடாதே' என்று யாரோ எப்போதோ திட்டியிருப்பார்கள். குடிக்காதே என்பதற்காகச் சொன்னது, இவர் காதில் மாத்திரை போடாதே என்று விழுந்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள் மருந்து இல்லையென்றால் கிருமி பெருகும். அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகவும் மாறும். குடியும் மருந்தும் சேர்வதால் வரும் கெடுதலைவிட, மருந்தை விடுவதால் வரும் கெடுதல் பல மடங்கு பெரியது. குடித்த நாளிலும் மாத்திரை உண்டு. இதை அவரிடம் திட்டாமல், தெளிவாகச் சொல்லுங்கள்.

நேரத்தையும் கேட்டுப் பாருங்கள். எட்டு வருடத்துக்கு முன் பெரும்பாலும் கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அது தலைசுற்றலைத் தரும் என்பதால் ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னார்கள். அந்த ராத்திரிப் பழக்கமே பலரிடம் இன்னும் இருக்கிறது. இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தருவது டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை. அதைக் காலையிலும் போடலாம். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதற்கு வெகு முன்பே, காலைச் சாப்பாட்டோடு மாத்திரை உள்ளே போய்விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அவருக்கு எந்த மாத்திரை, நேரத்தை மாற்றலாமா என்று மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். இன்னொன்று: குடிக்கிறவர்களுக்கு வயிறு எரியும், ஜெலூசில் மாதிரி ஏதாவது குடிப்பார்கள். அது டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும்.

சரி, குடிக்கு வருவோம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். ஒரே வேளையில் அவ்வளவு போனாலே உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக்குடி என்கிறது. அதனால் 'ஒரு குவார்ட்டர்தானே' என்பது சரியில்லை. அவருக்குக் காசநோய்த் தடுப்பு மாத்திரையும் ஓடுகிறது என்றால் ஈரலுக்கு இரட்டை அடி. டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆனால் கை நடுங்குகிற ஒருவரிடம் 'நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடக் கூடாது' என்று சத்தியம் வாங்காதீர்கள். உடம்பு பழகிப்போன பிறகு சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வரலாம். அதற்கு மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 கொடுப்பார்கள், கண்காணிப்பில் வைப்பார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இந்திரா நகரில் இதற்கென்றே இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையும் இருக்கிறது. ஏ.ஆர்.டி. எடுப்பதை அங்கே டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதும், பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. முழுக்க நிறுத்த முடியாவிட்டால், குடிக்கும் நாளையும் அளவையும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைப்பதும் முன்னேற்றமே. வியட்நாமில் தாய் நுயென் மாகாணத்தில், எச்.ஐ.வி.யோடு வாழும், அதிகம் குடிக்கும் 440 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. நேரில் இரண்டு முறை, போனில் இரண்டு முறை ஆலோசகர் பேசியதே, நீண்ட ஆலோசனைக்குச் சமமாகப் பலன் தந்தது. ஏ.ஆர்.டி. சென்டரில் இருக்கும் கவுன்சிலரிடம் இதையும் பேசலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? திட்டு விழும் என்று பயந்து குடியை மறைக்கிறார்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இதே சென்னையில். அரசு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ல். இடையில் 18 வருடம். காசு இருந்தவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அப்போது யாரும் நல்லவன், குடிகாரன் என்று பார்த்துச் சாகவில்லை. மாத்திரையை விடாமல் போட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவில் அது அடுத்தவருக்குத் தொற்றாது. ஆக அந்த மருந்து உங்கள் அண்ணனுக்கு மட்டும் கொடுக்கிற மருந்து இல்லை.

கடைசியாக, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தட்டு, டம்ளர். எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது. சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. உங்கள் மனதில் அன்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று வேளையும் அந்தத் தட்டு அவரிடம் வேறு ஒன்றைச் சொல்கிறது. சாயங்காலம் அவர் கடைப்பக்கம் போவதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்வேன். அடுத்து மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களும் கூடவே போங்கள். 'இவர் குடிக்கிறார், குறைக்க உதவுங்கள்' என்று அவரை வைத்துக்கொண்டே கேளுங்கள். அதற்குள் அவசரமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எச்.ஐ.வி.க்கு 1097, குடிக்கு 14446. இரண்டுமே இலவச எண்கள்.