சொந்தமாக வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டு செய்வது வீண் செலவா?

காசு மிச்சமாகும் என்று நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால் செய்யாதீர்கள். அதே காசுக்குக் கடையில் நல்லதாகவே கிடைக்கும். ஆனால் "வீண் செலவு" என்று எங்கள் வீட்டிலும் தினமும் கேட்பதால் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நான் வடசென்னைக் கொருக்குப்பேட்டை. சால்டரிங் பழகியது வண்ணாரப்பேட்டையில் மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடையில். மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனிச் சுவிட்சு. உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. சுவிட்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் 1என்4148 டயோடு ஒன்று வைக்க வேண்டும். டயோடு இல்லையென்றால் சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தும்போது, தொடாத நான்காவது எழுத்தும் வந்து விழும். டயோடு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சில்லறைக் காசு. சுவிட்சும் அதன் மேல் மாட்டும் எழுத்து மூடியான கீகேப்பும்தான் ஆன்லைனில் வாங்கினேன்.

அந்தப் பார்சல் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருக்க, "வீட்டில் ஆள் இல்லை" என்று மெசேஜ் வருகிறது. போன் செய்தால் டெலிவரிக்காரர் "கேட் போட்டுட்டாங்க சார்" என்கிறார். சரி, எங்கள் ரயில்வே கேட் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஆனால் கேட் திறந்த பிறகும் ஏன் வரவில்லை? 2021இல் எங்களையும் தாண்டி விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. பார்சலுக்கும் ஆட்டோவுக்கும் மட்டும் நாங்கள் இன்னும் வெளியூர்.

வயர்லெஸ்ஸில் கவனம் முழுக்க பேட்டரியில் இருக்கட்டும். நான் என்ஆர்எஃப்52840 என்ற புளூடூத் சிப் உள்ள போர்டில், கீபோர்டை இயக்கும் இசட்எம்கே என்ற இலவச மென்பொருளை (ஃபர்ம்வேர்) ஏற்றினேன். மின்சாரம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும். கலர் லைட் வைக்கவில்லை. வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும் சார்ஜ் நாள் கணக்கில் தீர்ந்துவிடும். "லைட் இல்லாமல் என்ன கீபோர்டு" என்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வராதீர்கள். லித்தியம் பேட்டரியின் கனெக்டரில் சிவப்பு வயர் எந்தப் பக்கம் என்பது கடைக்குக் கடை மாறும். பொருந்துகிறதே என்று செருகினால் போர்டு காலி. மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

நான் இதில் இறங்கியதே தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறைக்காகத்தான். கீபோர்டு தமிழ் எழுத்தை அனுப்பாது. எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று மட்டும் சொல்லும், மிச்சம் கணினியின் வேலை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, கடைக் கீபோர்டில் இரண்டு மூன்று கீயைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். என்னுடையதில் கட்டைவிரலுக்குக் கீழே அதற்கென்றே ஒரு கீ. நாள் முழுக்க இரண்டு மொழியிலும் அடிக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மற்றவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தால் நான் மறுக்கப் போவதில்லை.

உங்களுக்கு இது முதல் கீபோர்டு என்றால் அதே போர்டை வாங்கி முதலில் யூஎஸ்பி வயரிலேயே ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கீயும் ஒழுங்காக வேலை செய்தால் அப்புறம் பேட்டரி சேர்த்துக்கொள்ளலாம்.